கணக்கு ஒத்தது, சாக்கு ஒத்துவரவில்லை: வன்னியில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தில் நடந்த மோசடியும் அது பிடிபட்ட விதமும்

பின்னணி

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட பகுதியில் இயங்கும் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நடந்தது இது. சங்கம், ஊர், ஆண்டு, ஆட்கள் எவரதும் அடையாளம் இங்கே தரப்படவில்லை. சங்கத்துக்குக் கிளைக் கடைகள், எரிபொருள் நிலையம், கிராமிய வங்கி எல்லாம் உண்டு. ஆனால் பணம் பெருமளவில் புரள்வது பெரும்போக அறுவடை முடிந்த பத்து வாரங்களில்தான். வங்கியொன்றில் பருவகாலக் கடன் எடுத்து, மூன்று நிலையங்களில் நெல் வாங்கி, காயவைத்துத் துப்புரவாக்கி, வவுனியாப் பக்கத்து ஆலைகளுக்கு விற்பார்கள்.

நிலையம் ஒன்றுக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு எடையாளர், ஒரு காசாளர் என்பதே ஆளணி. இரண்டாவது நிலையத்தில் எடையாளர் பதவியும் காசாளர் பதவியும் நீண்டகாலமாக வெற்றிடம். ஆகவே நெல்லை நிறுத்தவர், ஈரம் பார்த்தவர், சீட்டு எழுதியவர், காசு கொடுத்தவர், களஞ்சியச் சாவி வைத்திருந்தவர் எல்லாம் ஒருவரே. பதினான்கு வருடச் சேவை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து கதவு திறப்பவர் என்று கமக்காரரிடம் நல்ல பெயர்.

50,000 ரூபாவுக்கு மேற்பட்ட கொடுப்பனவு கிராமிய வங்கிக் கணக்குக்கே போகவேண்டும், அதற்குக் குறைந்ததை நிலையத்திலேயே காசாகக் கொடுக்கலாம் என்பது சங்கத்தின் விதி. அதற்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் கிழமைக்கு 3 இலட்சம் முற்பணம் போகும். செலவுச் சீட்டுகளைக் காட்டினால் மீண்டும் நிரப்பப்படும். காய்ச்சல், துப்புரவு, சிந்தல் எல்லாவற்றுக்கும் சேர்த்து, முழுச் சங்கத்துக்கும் 10 சதவீதம் வரை கழிவு அனுமதிக்கப்படும் என்று சபைத் தீர்மானம் ஒன்றும் இருந்தது. இந்த இரண்டு விதிகளையும் நன்றாகத் தெரிந்தவர்தான் அவற்றின் கீழே நுழைந்து போனார்.

முதல் தடயம்

ஆனி மாதத்தில், நெல் விற்ற அங்கத்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 ரூபா ஊக்கத்தொகை கொடுப்பதற்கான பெயர்ப் பட்டியல் கிளைச் சுவர்களில் ஒட்டப்பட்டது. இரண்டாவது நிலையத்துப் பட்டியலில் ஒரு முதியவரின் பெயரில் 540 கிலோ இருந்தது. அவர் மார்கழியில் காலமாகி, தையில் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. சீட்டில் இருந்த திகதியோ பங்குனிக்குரியது. மகள் சங்கத்துக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி: “ஐயாவின்ர எட்டுச் செலவுக்கே அரிசி கடையில வாங்கினனாங்கள். அவர் எப்பிடி நெல்லு வித்தவர்?”

சான்றுபெற்ற மோசடிப் பரிசோதகர்களின் சர்வதேசச் சங்கம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராயப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ ஒருவர் கொடுத்த தகவலால் வெளிப்பட்டவை. வெளிக் கணக்காய்வால் பிடிபட்டவை 3 சதவீதம். இங்கேயும் வருடாந்தக் கணக்காய்வு நடந்து முடிந்திருந்தது, குறிப்பு ஒன்றும் இல்லை. கணக்காய்வில் பார்த்தது தொகை கூடிய 30 சீட்டுகளை. அவை எல்லாம் வங்கி வழியாகக் கொடுக்கப்பட்டவை, எல்லாம் உண்மை. தொகையின் பருமனைப் பார்த்து மாதிரி எடுத்தால், எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் சீட்டு ஒருநாளும் கையில் அகப்படாது. சாதாரணக் கணக்காய்வு நிதிக்கூற்று முழுமையாகப் பார்க்கையில் நியாயமாக இருக்கிறதா என்று கேட்கிறது. தடயவியல் கணக்கியல் ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்றோடு அது உண்மையா பொய்யா என்று கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, கணக்காய்வு முடிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்ததில்தான் இரண்டு போகம் கழிந்தது.

முதல் நான்கு நாட்கள்

முறைப்பாடு வந்த மாலையே சபையில் சிலர் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றார்கள். தலைவர் மறுத்தார். கேட்ட மறுநாள் ஏடுகள் காணாமற்போகும், அதன்பிறகு கேட்ட கேள்விக்கு ஆதாரம் இராது என்பது அவர் வாதம். மூன்றாம் நாள் இரண்டு கணக்காளர்களும், கூட்டுறவுக் கணக்குகளைப் பரிசோதித்து ஓய்வுபெற்ற ஒருவரும் ஆய்வுக் குழுவாக நியமிக்கப்பட்டார்கள். எதை ஆராய்வது, எந்தெந்தப் போகம், எந்த ஆவணங்களைப் பார்க்க அதிகாரம், அறிக்கை யாருக்கு என்பதெல்லாம் சபைத் தீர்மானத்திலும் நியமனக் கடிதத்திலும் எழுதப்பட்டது. கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளருக்கும் எழுத்தில் அறிவிக்கப்பட்டது.

நான்காம் நாள் காலை, வழக்கமான இருப்புக் கணக்கெடுப்பு என்ற பெயரில் மூன்று நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் ஆட்கள் போனார்கள். ஒரு நிலையத்துக்கு மட்டும் போனால் தொலைபேசி முந்திக்கொள்ளும். கொள்வனவுச் சீட்டுப் புத்தகங்கள், ஈரப் பதிவேடு, காசேடு, எடைமேடைச் சீட்டுகள், நாட்டாமைமாரின் (மூடை தூக்கும் தொழிலாளரின்) கூலி உறுதிச்சீட்டுகள் எடுக்கப்பட்டன. எது, எத்தனை தாள், யார் கொடுத்தது, யார் எடுத்தது, நேரம் என்ன என்று அதே இடத்தில் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டது. மூல ஆவணத்தில் பென்சில் அடையாளமும் போடக்கூடாது, துளை போடக்கூடாது, ஊசி குத்தக்கூடாது. பிரதி எடுத்து அந்தப் பிரதியில்தான் வேலை செய்யவேண்டும். கையெழுத்தை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டி வந்தால் மூலப் பத்திரமே வேண்டும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

இரண்டு தடங்கல்கள் இங்கேயே வந்தன. முதல்நாள் இரவு ஒரு பணிப்பாளர் ஆர்வத்தில் நிலையக் கணினியைத் திறந்து இருப்புக் கோப்பைப் பார்த்து, மூடும்போது சேமித்தும்விட்டார். கோப்பின் கடைசித் திருத்த நேரம் அவருடைய நேரமாகிவிட்டது. பதிவுவட்டை முழுமையாகப் பிரதியெடுத்து அதன் ஹாஷ் எண்ணை (உள்ளே எது மாறினாலும் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை) இரு தரப்பும் ஒப்பமிட்ட தாளில் எழுதியது அதற்குப் பிறகுதான். ஆகவே கணினிக் கோப்பு துணைச் சான்றாக மட்டுமே வைத்துக்கொள்ளப்பட்டது. அடுத்தது, ஐந்து சீட்டுப் புத்தகங்களில் இரண்டின் அடிப்பிரதிகளைக் கறையான் தின்றிருந்தது. பக்கத்தில் இருந்த மற்றப் புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்றாலும் கறையானை யாரும் கூட்டிவந்தார்கள் என்று நிறுவ முடியாது. அறிக்கையில் ‘சேதமடைந்துள்ளது’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. மூலப்பிரதிகள் தலைமையகக் கோப்பில் பத்திரமாக இருந்தன.

நெல்லின் கணக்கு

குழு பணத்தில் தொடங்கவில்லை, நெல்லில் தொடங்கியது. காரணம் எளிது. காசேடு, சீட்டு, பேரேடு, இருப்பேடு எல்லாம் ஒருவருடைய கையெழுத்தில் இருந்து பிறந்தவை. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில் வியப்பில்லை. அந்தக் கை தொடாத எதோடாவது ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

அந்தப் போகத்தில் மூன்று நிலையங்களிலும் வாங்கியதாக ஏட்டில் இருந்தது 612,360 கிலோ. கழிவு 53,010 கிலோ, அதாவது 8.7 சதவீதம். 10 சதவீத எல்லைக்குள் என்பதால் யாரும் கேட்கவில்லை. நிலையவாரியாகப் பிரித்தபோது படம் மாறியது. முதலாவது நிலையம் 181,200 கிலோ வாங்கி 9,240 கிலோ கழித்திருந்தது: 5.1 சதவீதம். மூன்றாவது 178,800 கிலோவில் 8,580: 4.8 சதவீதம். இரண்டாவது நிலையத்தில் 252,360 கிலோவில் கழிவு 35,190 கிலோ: 13.9 சதவீதம். மற்ற இருவரின் சிக்கனம் இவருடைய ஓட்டையை மூடியிருந்தது.

வெட்டு மெசினில் இருந்து நேரே வரும் நெல் ஈரமாக இருக்கும், காய்ந்தால் குறையத்தானே செய்யும் என்று முகாமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்குக் கணக்கு இருக்கிறது. நெல் காயும்போது நீர் மட்டுமே போகிறது, உலர்பொருள் போவதில்லை. காய்ந்த நிறை வேண்டுமானால் ஈர நிறையை (100 − வந்த ஈரம்) ஆல் பெருக்கி (100 − 14) ஆல் வகுக்கவேண்டும். 18 சதவீத ஈரத்தில் வந்த நெல்லை 14க்குக் காயவைத்தால் 4.65 சதவீதம் குறையும். தூசு, பதர் சேர்த்தால் ஐந்துக்கு அண்மித்து நிற்கும். மற்ற இரு நிலையங்களும் அங்கேதான் நின்றன. சங்கம் 22 சதவீதத்துக்கு மேல் ஈரமான நெல்லை வாங்குவதே இல்லை. வந்த ஒவ்வொரு மணியும் 22 சதவீத ஈரத்தில் வந்ததென்று வைத்தாலும் காய்ச்சலால் போகக்கூடியது 9.3 சதவீதம். 13.9 சதவீதம் நீரால் மட்டும் போகவேண்டுமென்றால் நெல் 26 சதவீத ஈரத்தில் வந்திருக்கவேண்டும். எலியும் சிந்தலும் அந்த இடைவெளியை நிரப்பமாட்டா.

ஈரப் பதிவேட்டில் இன்னொன்று இருந்தது. நிலையத்தின் ஈரப்பதமானி மார்ச் 6 முதல் 27 வரை வவுனியாவில் திருத்தத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. திருத்தக் கடையின் பற்றுச்சீட்டும், அதைக் கொண்டுபோன ஊழியரின் பயணச் செலவு விண்ணப்பமும் தலைமையகத்தில் இருந்தன. அந்த மூன்று கிழமையிலும் 19 தொகுதி நெல்லுக்கு 22.0 என்று ஈரம் எழுதப்பட்டிருந்தது.

சாக்கும் கூலியும்

இந்த ஆய்வில் அதிகம் பேசியது சாக்குத்தான். வெறும் சாக்குகளைத் தலைமையகக் களஞ்சியக்காப்பாளர் எண்ணிக் கொடுப்பார், போகம் முடிய மீதியை எண்ணி வாங்குவார். அவருடைய பதிவேட்டில் நிலையப் பொறுப்பாளருக்குக் கை இல்லை. இரண்டாவது நிலையத்துக்குப் போனது 3,900. பாவிக்காமல் திரும்பியது 81, கிழிந்து திரும்பியது 9. ஆகப் பாவித்தது 3,810. கொள்வனவுச் சீட்டுகளைக் கூட்டினால் 4,206 மூடை. சாக்கு ஒன்றுக்குச் சராசரி 60 கிலோ.

அடுத்து நாட்டாமைக் கூலி. இறக்கி அட்டி அடுக்க மூடைக்கு 20 ரூபா, சனிக்கிழமை தோறும் கணக்கு. பத்து வார உறுதிச்சீட்டுகளின் மொத்தம் 76,120 ரூபா, அதாவது 3,806 மூடை. நாட்டாமைமார் தூக்காத மூடைக்குக் கூலி கேட்பதில்லை, தூக்கிய மூடைக்கு விட்டுக்கொடுப்பதுமில்லை. அவர்களின் தலைவர் தன் பாட்டுக்கு ஓர் அப்பியாசக் கொப்பியில் கணக்கு வைத்திருந்தார்: நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, பக்க ஓரத்தில் திகதி, வியர்வை பட்டு மை பரவிய இடங்கள். அதைக் கூட்டியபோது 3,809 வந்தது. சாக்கு 3,810, கொப்பி 3,809, கூலி 3,806. மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை, நான்குக்குள் ஒத்து நின்றன. நிலையமென்றால் குப்பை அள்ளவும் ஒன்றிரண்டு சாக்கு வேண்டும். தனியே நின்றது பொறுப்பாளரின் 4,206தான்.

ஆலையின் எடைமேடைச் சீட்டுகளின்படி இந்த நிலையத்தில் இருந்து 22 லொறிகளில் போனது 217,170 கிலோ. வந்தது 3,806 மூடை, 228,360 கிலோ என்று கொண்டால் கழிவு 11,190 கிலோ, 4.9 சதவீதம். மற்ற நிலையங்களோடு சரியாக வந்து சேர்ந்தது. மிகுதி 400 மூடை, 24,000 கிலோ நெல், காகிதத்தில் மட்டுமே விளைந்தது. ஈர நெல்லின் விலை கிலோ 88 ரூபாப்படி 21 இலட்சத்து 12 ஆயிரம்.

எந்தச் சீட்டுகள்

மொத்த வித்தியாசம் தெரிந்தால் போதாது. எந்தச் சீட்டு பொய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். நிலையத்தின் 201 சீட்டுகளும் தொடரிலக்கப்படி கணினியில் ஏற்றப்பட்டன. இலக்கம் ஏற ஏறத் திகதியும் ஏறவேண்டும். 17 இடங்களில் திகதி பின்னோக்கிப் போனது. சனிக்கிழமை முற்பணக் கணக்கு முடிக்கும்போது உட்கார்ந்து எழுதி, கடந்துபோன நாட்களின் திகதியைப் போட்டிருந்தார். 45,000க்கும் 50,000க்கும் இடையில் முதலாவது நிலையத்தில் 4 சீட்டு, மூன்றாவதில் 3, இங்கே 43. உண்மையான தராசு திரும்பத் திரும்ப ஒரே எண்ணில் நிற்பது அபூர்வம்: 1,487.5, 912.0, 1,633.5 என்று எழுதப்பட்ட சீட்டுகளுக்கிடையில் 540 கிலோ என்று 40 சீட்டும் 480 என்று 5 சீட்டும் இருந்தன. 540 கிலோவுக்கு 47,520 ரூபா. மூன்று சீட்டுகளின் திகதி போயா தினம், நிலையம் பூட்டிய நாள்.

முதல் இலக்கங்களின் பரவலை வைத்து மோசடி தேடும் பென்ஃபோர்ட் விதியைப் போட்டுப் பார்க்கவில்லையா என்று பிறகு கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் பதிவுகளும், சில நூறில் இருந்து பல இலட்சம் வரை பரந்த தொகைகளும் இருந்தால் அது உதவும். 201 சீட்டு, ஒரே விலை, குறுகிய தொகை வீச்சு என்ற இடத்தில் அது எதையும் நிறுவாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு ஒரு குறுக்குக் கேள்வியைத்தான் கொடுக்கும்.

அடையாள அட்டை எண்களும் பேசின. பழைய 9 இலக்க அட்டையில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 45இல் 7 சீட்டுகளில் பெண்ணின் பெயருக்கு நேரே 214, 087 என்று ஆண்களுக்குரிய எண்கள் இருந்தன. மானிய உரப் பட்டியலில் இருந்து கணவனின் எண்ணும் மனைவியின் பெயரும் கலந்து எடுக்கப்பட்டிருந்தது.

45 பேரின் வீட்டுக்கும் போகவேண்டியிருந்தது. ‘சங்கத்துக்கு 540 கிலோ விற்றீர்களா?’ என்று கேட்கக்கூடாது. பயந்தவர் இல்லை என்பார், பொறுப்பாளரின் சொந்தக்காரர் ஓம் என்பார். ‘இந்தப் போகம் எத்தனை ஏக்கர், எத்தனை மூடை, எங்கே கொடுத்தீர்கள்?’ என்று கேட்டு, சொன்னதை எழுதி வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்கப்பட்டது. 6 பேர் இறந்தவர்கள் அல்லது நாட்டில் இல்லாதவர்கள். 28 பேர் வயலிலேயே தனியார் வியாபாரிக்கு விற்றிருந்தார்கள். 11 பேர் அந்தப் போகம் விதைக்கவேயில்லை. கமநல சேவை நிலையத்தின் செய்கைப் பதிவும் அதையே காட்டியது.

மாற்று விளக்கங்கள்

பொறுப்பாளர் சொல்லக்கூடிய நியாயங்களை அவரிடம் கேட்பதற்கு முன்பே குழு எழுதிவைத்துச் சோதித்தது. பலர் தவறவிடும் கட்டம் இது. கமக்காரர் தம் சொந்தச் சாக்கில் தந்திருக்கலாம். அப்படியானால் சாக்குக் கணக்கு ஒத்துவராது, ஆனால் நாட்டாமைக் கணக்கு கூடியிருக்கவேண்டும், கூடவில்லை. நாட்டாமை வராத நாட்களில் கமக்காரரே இறக்கியிருக்கலாம். 45 சீட்டுகளும் 27 நாட்களுக்குரியவை. மூன்று போயாச் சீட்டுகளின் ஒரு நாளையும் வேறு இரண்டு நாட்களையும் தவிர, 24 நாட்களில் நாட்டாமைமார் அங்கே வேலை செய்திருந்தார்கள். நெல் உண்மையாக வந்து, பிறகு களவு போயிருக்கலாம். அப்படியென்றால் விற்றவர்கள் இருக்கவேண்டும், 45 வீடுகளிலும் ஒருவர்கூட இல்லை.

விசாரணையும் ஒரு பெரிய பிழையும்

பதினொராம் நாள் பொறுப்பாளர் அழைக்கப்பட்டார். இருவர் கேட்க, ஒருவர் எழுத, கதவு திறந்தபடி, அவர் விரும்பிய ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள இடம் கொடுத்து விசாரணை நடந்தது. முதலில் நடைமுறை பற்றிய கேள்விகள், கடைசியில்தான் சீட்டுகள். ஈரப்பதமானி திருத்தத்தில் இருந்த நாட்களைக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு தன் கையாலேயே எழுதித் தந்தார். உழவு இயந்திரத்தின் லீசிங் ஐந்து மாதம் பிந்தியிருந்தது, ஒரு போகத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு அடுத்த போகம் வைத்துவிடலாம் என்று நினைத்தார். அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெசி 1953 இல் எழுதியதும் இதுதான்: நெருக்கடி, வாய்ப்பு, தன்னை நியாயப்படுத்தும் ஒரு நினைப்பு. நெருக்கடியைச் சங்கம் அறியமுடியாது. வாய்ப்பைக் கொடுத்தது சங்கம்தான்.

பிழை நடந்தது அன்று காலை. ஒரு பணிப்பாளர் வாசலில் நின்று, காசைக் கட்டினால் பொலிசுக்குப் போகமாட்டோம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இலங்கைச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, அதிகாரத்தில் உள்ளவரின் தூண்டுதலாலோ அச்சுறுத்தலாலோ வாக்குறுதியாலோ வந்த குற்ற ஒப்புதல் குற்றவியல் வழக்கில் ஏற்கப்படாமல் போகலாம். விசாரணை முடிந்த பிறகே இது தெரியவந்தது. அறிக்கையை ஒப்புதல் கடிதத்தின் மேல் கட்டாமல் சாக்கு, கூலி, எடைமேடை, ஈரப்பதமானி ஆகியவற்றின் மேல் கட்டியிருந்ததால் அது விழவில்லை. ஒப்புதல் இணைப்பாக மட்டும் சேர்க்கப்பட்டு, வாசலில் நடந்ததும் அறிக்கையில் எழுதப்பட்டது. மறைத்திருந்தால் முழு அறிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகியிருக்கும்.

முந்தைய போகங்கள்

2009 இல் போரில் ஏடுகள் எல்லாம் அழிந்தபின், மீள்குடியேறித் தொடங்கிய சங்கங்கள் பலவற்றில் ஆரம்ப மீதி தெரியாமல், எங்கே சேர்ப்பதென்று தெரியாத தொகைகளைப் போட்டுவைக்க ஒரு தொங்கல் கணக்கு திறக்கப்பட்டது. இங்கேயும் ‘இடப்பெயர்வுச் சீராக்கல்’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. அழியவேண்டிய காலம் எப்போதோ கடந்தும் அது அழியவில்லை. முந்தைய போகத்தில் அதற்குள் 768,000 ரூபா மார்ச் 31 இல் போயிருந்தது. 2009 இல் நடந்ததற்கும் அந்தப் பதிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாவது நிலையத்தின் 160 மூடைக் குறைவு அது, கிலோ 80 ரூபாப்படி. அந்தப் போகத்தின் நாட்டாமைக் கூலியும் அதே 160ஐக் காட்டியது. பதிவு போட்ட கணக்கு இலிகிதர், ஒத்துவராததை அங்கே போடச் சொல்லியிருந்தார்கள் என்றார். கழிவுச் சான்றிதழ்ப் படிவங்களில் முகாமையாளர் முன்கூட்டியே வெற்றுக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்ததும் தெரிந்தது. இருவரும் பயன் பெற்றதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அறிக்கை அவர்களைக் கவனயீனம் என்ற அளவில் நிறுத்தியது.

அதற்கும் முந்தைய போகத்தில் சாக்குப் பதிவேடும் இல்லை, கூலிச் சீட்டும் இல்லை. கழிவு கூடித்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் போகத்துக்கு ஒரு சதமும் கோரப்படவில்லை. மற்ற இரண்டு போகத்துக்கும் சேர்த்து நிறுவப்பட்டது 28 இலட்சத்து 80 ஆயிரம்.

விளைவு

பொறுப்பாளர் இடைநிறுத்தப்பட்டு, ஒழுக்காற்று விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டார். பணத்துக்காகக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்புக்கு விடப்பட்டது. கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்களுக்கு எதிரான குற்றங்கள் சட்டத்தின் கீழும் வருவதால், முறைப்பாடு பொலிசுக்கும் போனது. வெளி வங்கிக் கணக்குகளைக் குழு தேடவில்லை. வங்கி இரகசியம் காரணமாக அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும், அது பொலிசாரின் வேலை. ஊழியர் சேமலாப நிதியைப் பிடித்துவைக்கலாம் என்று சபையில் ஒரு குரல் எழுந்தது. தொழில்கொள்வோர் அதில் கைவைக்க முடியாது என்று விளக்கப்பட்டது. பிணை நின்ற இருவரிடமிருந்தும் அவரிடமிருந்தும் 11 இலட்சத்து 50 ஆயிரம் வந்தது. ஊழியர் மோசடியால் வரும் இழப்பை ஈடுசெய்யும் நேர்மைக் காப்புறுதி இரண்டு வருடத்துக்கு முன் கட்டாமல் விட்டதால் காலாவதியாகியிருந்தது. ஆய்வுக்கு 17 நாளும் 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவும் செலவாயின. அந்தக் காப்புறுதிக் கட்டுப்பணம் இதைவிட எவ்வளவோ குறைவு.

மாற்றங்கள்

கழிவு எல்லை சங்கத்துக்கு மொத்தமாக இருந்தது எடுபட்டு, நிலையத்துக்கு நிலையம், வந்த ஈரத்தின் சூத்திரப்படி, தூசுக்கு 0.5 சதவீதம் சேர்த்து என்று ஆனது. சனிக்கிழமை முற்பணம் நிரப்பும் முன் சீட்டு மூடை, சாக்கு, நாட்டாமைக் கூலி மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கிறார்கள். கால் மணிநேர வேலை, செலவில்லை. காசுக் கொடுப்பனவு எல்லை 50,000 இல் இருந்து 15,000க்கு இறங்கியது. கமக்காரர் சிலர் முறுமுறுத்தார்கள், நியாயமும் உண்டு, வங்கிக் கிளை திறக்கும் நேரத்துக்கு நெல் வெட்டுவதில்லை. எடையாளர் பதவி நிரப்பப்பட்டது, காசாளர் பதவிக்கு இன்னும் ஆள் இல்லை. தொங்கல் கணக்கு பொதுச்சபைத் தீர்மானத்தோடு மூடப்பட்டது.

ஆய்விலும் வேறுவிதமாகச் செய்யவேண்டியவை இருந்தன. சபைக் கூட்டம் முடிந்த நிமிடமே நிலையக் கணினிகளின் மின்வடங்களைக் கழற்றி முத்திரையிட்டிருக்கவேண்டும். பணிப்பாளர்கள் சந்தேக நபரோடு பேசக்கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கவேண்டும். நாட்டாமைத் தலைவரின் கொப்பி ஆறாம் நாள்தான் கைக்கு வந்தது. அவரிடம் கேட்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த பெரும்போகத்தில் இரண்டாவது நிலையத்தின் கழிவு 5.0 சதவீதம். சீட்டு எழுதியவுடன் மூடை, நிறை, தொகை மூன்றும் கமக்காரரின் கைத்தொலைபேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தியாகப் போகிறது. முதல் மாதத்துப் பட்டியலைச் சரிபார்த்தபோது 12 கமக்காரருக்கு ஒரே தொலைபேசி எண் பதிவாகியிருந்தது: சந்தியில் உள்ள ஒரு தேநீர்க் கடையின் எண். அவற்றைத் திருத்தும் வேலை நிலையத்திடம் விடப்படவில்லை, கமக்காரர் அமைப்பின் செயலாளர் வீடு வீடாகப் போய்ச் செய்கிறார்.